கடலோரம் இருந்தால் தைராய்டு வராதா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போகும்போது, உப்பளங்களில் குவித்திருக்கும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். "இதுதான் சுத்தமான கடல் உப்பு. அயோடின் தானா இருக்கும், பாக்கெட் உப்பு எதுக்கு?" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். நீங்களும் அந்தக் கட்சியா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடினோ 60 மைக்ரோகிராம்தான். பாத்தியில் காயும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடும். முழுசாகத் தங்கினாலும், 10 கிராம் உப்பில் சுமார் 17 மைக்ரோகிராம்தான் தேறும். பெரியவர்களுக்குத் தினம் 150 வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250! அதனால்தான் உப்பில் அயோடினைத் தனியாகக் கலக்கிறார்கள். 2018-19-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களிலேயே கடைசி இடம். உப்பு விளைகிற ஊருக்கு இந்த நிலைமை!

சரி, உப்பை மாற்றிவிட்டால் தைராய்டு கோளாறு வராதா? அதுதான் இல்லை. மரக்காணத்துக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் 505 பெண்களைப் பரிசோதித்து, 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். 15.8 சதவீதம் பேருக்குத் தைராய்டில் ஏதோ ஒரு கோளாறு. பெரும்பாலும் சுரப்புக் குறைவு. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்விலும் (2013) பத்தில் ஒருவருக்குச் சுரப்புக் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது!

இன்று பெரியவர்களுக்கு வரும் சுரப்புக் குறைவுக்கு முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவது. அதை உப்பு தடுக்காது. அசதி, எடை கூடுவது, முடி கொட்டுவது, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு... "வேலை ஜாஸ்தி, அதான்" என்று தள்ளிப்போடாதீர்கள். டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்காகக் காத்திருந்தாலோ டாக்டரிடம் உடனே கேளுங்கள். தாய்க்குச் சுரப்பு குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

லேசான கோளாறு என்றால் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி அரைமணி, ஒருமணி கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. "இப்ப நல்லா இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

கல்லுப்புதான் பிடிக்குமா? அயோடின் கலந்த கல்லுப்பே கிடைக்கிறது. வாங்கி வந்து கழுவிவிடாதீர்கள், அயோடின் தண்ணீரோடு போய்விடும்.