கொடைக்கானல் பிளம்ஸும் பன்றிக்கறியும்

எங்க திருவேங்கடத்தில் பன்றிக்கறி சமைக்கிற வீடும் உண்டு, பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற வீடும் உண்டு. சமைக்கிற தோழிகளுக்குத்தான் இந்தக் கடிதம். மிளகு வறுவலையே எத்தனை நாளைக்குச் செய்ய? சீனாவில் கான்டன் பக்கம் பிளம் பழத்தில் புளிப்பும் இனிப்புமாகச் சாஸ் செய்கிறார்கள். மே, ஜூனில் கொடைக்கானல் பிளம்ஸ் வரும்போது நாமும் செய்யலாமே!

எலும்போடு விரல் கனத் துண்டாக அரைக்கிலோ போதும். கறியில் அரிசி மாதிரி வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வாங்கவே வாங்காதீர்கள். நாடாப்புழுவின் கூடு அது. அந்தப் புழு வயிற்றில் இருப்பவர் கை கழுவாமல் சமைத்தால் முட்டை மற்றவர்களுக்கும் போகும், மூளையைத் தாக்கினால் வலிப்பே வரும். கண்ணுக்குத் தெரியாமலும் கூடு இருக்கலாம் என்பதால், எந்தக் கறியானாலும் நன்றாக வேக வேண்டும்.

சோயா சாஸ் 2 ஸ்பூன், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி அரைமணி ஊறட்டும். உப்பு வேண்டாம், சோயாவிலேயே இருக்கு. சட்டியில் கொழுப்புப் பக்கத்தை முதலில் வைத்தால் நெய் தானே இறங்கும். இருபுறமும் சிவந்ததும் தண்ணீர் விட்டு மூடி, உள்ளே இளஞ்சிவப்பே தெரியாத அளவுக்கு வேக விடுங்கள்.

8 பிளம்ஸைக் கொட்டை நீக்கி, வெல்லத்தூள் 3 ஸ்பூன், வினிகர் 1 ஸ்பூன், ஒரு அன்னாசிப்பூ, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்துக் குழைய வேகவைத்து, பூவை எடுத்துவிட்டு மசித்துக் கறியில் புரட்டுங்கள். பிளம்ஸ் இல்லாத மாசம் புளிப்பு மாம்பழம் போடலாம். "கறிக்குப் பழமாக்கும்!"னு நொடித்த எங்க அத்தை, மிச்ச சாஸைத் தோசைக்கு எடுத்து வைக்கச் சொன்னாங்க.

– ஒரு வாசகி, திருவேங்கடம்