18,000 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவது?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். 18,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதமே டிரம் சுற்றவில்லை. கடைக்காரர் "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்கிறார். கம்பெனி அனுப்பிய ஆள் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சு, ஸ்பேர் வரணும்" என்று சொல்லிப் போகிறார். இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் யாரு கோர்ட்டு, கேஸுன்னு அலையறது?"

இந்த மாதிரி தொகைக்கென்றே இருக்கிறது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986-இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை, நீங்களே பேசலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருக்கட்டும், நீங்கள் குடியிருப்பது திருநெல்வேலி என்றால் திருநெல்வேலியிலேயே மனு போடலாம்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மறுவிற்பனைக்கு வாங்கிய பொருளுக்கும், காசு வாங்காமல் செய்து கொடுத்த வேலைக்கும் இங்கே வழக்கில்லை. அதோடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வழக்கின் உயிர் காகிதத்தில்தான் இருக்கிறது. பில், வாரண்டி கார்டு, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடைகளில் மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். இவற்றைவிடப் பெரிய சாட்சி சர்வீஸ் ஆள் எழுதும் ஜாப் ஷீட். வந்த தேதி, அவர் கண்ட பழுது, மாற்ற வேண்டிய பாகம், அவருடைய கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். "போர்டு பழுது" என்று அவர் கைப்பட எழுதிவிட்டால், பழுதே இல்லை என்று கம்பெனி பின்னால் சொல்வது கடினம். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், அன்றைக்கே அதைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், அதுவும் ஆதாரம்தான்.

அடுத்தது நோட்டீஸ். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் அனுப்புங்கள். கடை, கம்பெனி இருவர் பெயருக்கும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எந்தத் தேதியில் வாங்கினேன், எப்போது பழுதானது, எத்தனை முறை புகார் செய்தேன், 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கோபத்தை எழுத வேண்டாம், தேதிகளை எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பல சமயம் இந்தக் கட்டத்திலேயே விஷயம் முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மனு. நோட்டீஸில் சொன்னதையே பத்தி பத்தியாக எண்ணிட்டு எழுதுங்கள். கடைசியில் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: பொருளின் விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. 18,000 ரூபாய் மெஷினுக்குப் பத்து லட்சம் கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையின் மதிப்பும் குறைந்துவிடும். ஆவணங்களின் நகல்களையும் அபிடவிட்டையும் சேர்த்து நேரில் தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. பேசித் தீர்க்க வாய்ப்பிருந்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் கூடும். பொறுமை வேண்டும். வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள். நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, அவர்கள் மேல்முறையீடு போனால் 45 நாளுக்குள் போக வேண்டும். தரச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல், தீர்ப்பையும் மதிக்காமல் இருந்தால் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறியவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சின்னத் தொகைக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற கணக்கில்தான் பழுதான பொருளும் அரைகுறை சர்வீஸும் நம் தலையில் கட்டப்படுகின்றன. ஒருவர் ஜாப் ஷீட்டும் கையுமாகப் போய் நின்றால், அந்தக் கணக்கு அவர் ஊரில் தப்பாகத் தொடங்கும். 18,000 ரூபாய் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளமாகவே இருக்கலாம். அதைக் கேட்டுப் போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.