ஊவாக் காற்றும் தென்துருவக் கடலும்

ஜூலை பிறந்ததும் பதுளைப் பக்கத் தோட்டங்களில் காற்று மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மத்திய மலைநாட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்துபோய்த்தான் வருகிறது. நமுனுகுலைச் சரிவில் ஸ்பிரிங்வெளி மலைகளில் துளிர் வருவது தாமதமாகும், நிறுவையும் குறையும். ஆனால் அந்த வறட்சியில்தான் இலையில் ஊவாவுக்கே உரிய வாசனை ஊறுகிறது. செப்டம்பர் வரை நீளும் சீசன் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு இருப்பது அதனால்தான்.

அதே காற்று, அதே வாரங்களில், கடலிலும் ஒரு வேலை செய்கிறது. தெற்குக் கரையோரமாக அது வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கரைந்திருக்கின்றன, அதாவது உரம். சில நாட்களில் கடலின் நிறமே மாறும். இலங்கையின் தெற்கில் தொடங்கி, நீரோட்டத்தோடு வளைந்து வங்காள விரிகுடாவுக்குள் நீளும் இந்தப் பச்சைத் திட்டைச் செய்மதிப் படங்களை வைத்து விளக்கியவர்களில் முக்கியமானவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. என். விநயச்சந்திரன்.

அந்தப் பச்சை, கொழுந்தில் இருக்கும் அதே பச்சையம்தான். அதைச் சுமப்பவை தாவரப் பிளாங்டன்கள்: கண்ணுக்குத் தெரியாத, நீரோட்டம் போகும் திசையில் மிதந்து போகும் ஒற்றைக் கல உயிர்கள். உலகில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ பாதி இவற்றின் கணக்கு. இவற்றை விலங்குப் பிளாங்டன்கள் தின்ன, அவற்றைச் சாளையும் நெத்தலியும் தின்ன, அவற்றைச் சூரை தின்கிறது. பதுளைச் சந்தையில் கூறுகட்டி விற்கும் நெத்தலிக் கருவாட்டின் முதல் இந்தப் பச்சையில்தான் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு உணவுச் சங்கிலிப் படத்தின் கீழே ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். படத்தில் மேலே இருக்கும் சுறாவுக்குத்தான் மரியாதை எல்லாம்.

கடல் சூடானால் இந்தப் பிளாங்டனுக்கு என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது நினைவிருக்கும். வெயில் இருந்தது, மழை இருந்தது, செடியும் இருந்தது. உரம் மட்டும் இல்லை. அந்த ஆண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. சூடேறிய வெப்பமண்டலக் கடலிலும் இதே கதைதான். மேல்நீர் சூடானால் லேசாகும். லேசான நீர், கீழே இருக்கும் கனத்த குளிர்நீர்மேல் மூடிபோட்டது போல் நின்றுவிடும். காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலிருக்கும் சத்து மேலே ஏறாது. மேலே வெளிச்சம், கீழே உரம், இரண்டும் சந்திப்பதில்லை.

இது வெறும் கோட்பாடு அல்ல. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஆறு தசாப்தங்களில் தாவரப் பிளாங்டன் 20 வீதம் வரை குறைந்துவிட்டதாகச் சொன்னது. காரணமாக அவர்கள் காட்டியது இந்த மூடியைத்தான்.

சரி, ஆழத்தில் இருக்கும் அந்த உரம் எங்கிருந்து வந்தது? ஆறுகள் கொண்டுவந்தது என்று நினைக்கத் தோன்றும். பதுளு ஓயா மகாவலியில் கலந்து, மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும்போது மலைநாட்டு மண்ணும் உரமும் கொஞ்சம் கூடவே போகத்தான் செய்கின்றன. ஆனால் ஆற்றின் கொடை பெரும்பாலும் கரையோரத்தோடு சரி. நடுக்கடலின் இருப்பு வருவது அந்தாட்டிக்காவைச் சுற்றியிருக்கும் தென்பெருங்கடலிலிருந்து. அங்கே ஆழ்நீர் மேலே வந்து, பிளாங்டன் தின்று தீர்க்காத சத்தோடு மறுபடி அமிழ்ந்து, ஆழத்தோடு ஆழமாக வடக்கே பயணப்படுகிறது. 30 பாகை தெற்குக்கு வடக்கே உள்ள கடல்களின் உயிர் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கு இந்தத் தென்கடல் சத்தை நம்பியிருக்கிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் சார்மியென்டோ குழு 2004இல் கணக்கிட்டது. துருவத்துப் பிளாங்டன் மிச்சம் வைப்பதில்தான் நம் கடல்களும் பிழைக்கின்றன.

ஏன் மிச்சம் வைக்கின்றன? அங்கே உரத்துக்குக் குறைவில்லை, குறைவு வெளிச்சத்துக்கும் இரும்புக்கும். குளிர்காலத்தில் சூரியனே தெரியாது, கடல்மேல் பனி மூடிக்கிடக்கும். இரும்பு சேர்த்தால் என்ன ஆகும் என்று இந்தியர்களே நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 2009 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் அல்பிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து, 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் போய், தென் அத்திலாந்திக்கில் சுமார் 300 சதுர கிலோமீற்றர் நீரில் இரும்பு சல்பேற்றைக் கரைத்தன. 'லோஹாபெக்ஸ்' என்று பெயர். பிளாங்டன் பெருகியதும் உண்மை, பெருகியதை விலங்குப் பிளாங்டன்கள் மேய்ந்து தீர்த்ததும் உண்மை. கண்ணாடிக் கூடு கட்டும் டயட்டம் வகை வளரவில்லை, அந்த நீரில் சிலிக்கா போதவில்லை. பிளாங்டன் காற்றிலிருந்து இழுத்த காபனில் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சொற்பம். கடலில் இரும்பைக் கொட்டிப் புவிச்சூட்டைத் தணித்துவிடலாம் என்று கனவு கண்டவர்களுக்கு அது நல்ல பாடம்.

துருவத்துப் பனியை வெறும் மூடி என்று நினைக்கக்கூடாது. அதன் அடிப்பக்கம் ஒரு மேய்ச்சல் தரை. பனிக்கட்டியின் கீழ்முகத்தில் பழுப்பாகப் பாசி படர்ந்திருக்கும். அந்தாட்டிக் கிரில் என்ற இறால் போன்ற உயிரின் குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கியபடி, சீப்புப் பல் போன்ற முன்கால்களால் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்றே முதல் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பனி தாமதமாக உறைந்தால், சீக்கிரம் உருகினால், குஞ்சுக்கு உணவில்லை. 2023 பெப்ரவரியில் அந்தாட்டிக் கடற்பனி சுமார் 18 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. 1979இல் தொடர்ச்சியான செய்மதிப் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை கண்டிராத குறைவு அது. தென்மேற்கு அத்திலாந்திக்கில் கிரில் கூட்டங்கள் 90 ஆண்டுகளில் சுமார் 440 கிலோமீற்றர் தெற்கே ஒதுங்கிவிட்டன என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிரைத் தேடித் தெற்கே போகப் போக ஒரு கட்டத்தில் கண்டமே குறுக்கே வந்துவிடும்.

அங்குள்ள நீலத்திமிங்கிலம் ஒன்று நாளைக்குப் பல தொன் கிரில் தின்னும். மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் நாம் பார்க்கும் நீலத்திமிங்கிலங்கள் வேறு கூட்டம். அவை துருவத்துக்குப் போவதில்லை, இங்கேயே சிற்றிறால்களைத் தின்று வாழ்பவை. உணவு வேறுதான், ஆனால் அந்தச் சிற்றிறாலுக்கும் அடிப்படை பிளாங்டனே.

வடதுருவத்தில் கதை தலைகீழ். பனி விலக விலக வெளிச்சம் கூடியதாலும், பிறகு சத்தும் கூடுதலாக வந்து சேர்ந்ததாலும், 1998இலிருந்து 2018வரை ஆர்க்டிக் கடலில் தாவரப் பிளாங்டனின் உற்பத்தி 57 வீதம் உயர்ந்திருப்பதாக ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். இதைக் கேட்டதும் 'நல்லதுதானே' என்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவையை மட்டும் பார்த்தால் நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் நிறுவை வேறு, தரம் வேறு என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குளிர்நீருக்குரிய கலானஸ் என்ற விலங்குப் பிளாங்டனின் உடம்பு முழுக்கக் கொழுப்பு. துருவத்துக் கடற்பறவைகள் அதை நம்பித்தான் குஞ்சு வளர்க்கின்றன, மீன்களும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. சூடான நீரோடு தெற்கிலிருந்து ஏறிவரும் அதன் உறவுக்கார இனம் சின்னது, கொழுப்பும் குறைவு. எத்தனை தின்றாலும் பசி தீராது.

இனி நம் பக்கம். தென்கடல் சூடாகி, பனி குறைந்து, அங்கே பிளாங்டன் செழித்தால் அவை உரத்தை அங்கேயே தின்றுவிடும், வடக்கே வரும் நீர் சத்தற்று வரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கீத் மூர் குழு 2018இல் இதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தது. புகை வெளியேற்றம் கட்டுப்பாடின்றிப் போனால் 2300ஆம் ஆண்டளவில் உலக மீன்வளம் 20 வீதத்துக்கும் மேல் குறையக்கூடும் என்று வந்தது. 2300 வெகுதூரம்தான். மாதிரி என்பது தீர்க்கதரிசனமும் அல்ல. ஆனால் தென்கடலில் அமிழ்ந்த நீர் நம் பக்கம் வந்து மேலெழப் பல தசாப்தங்கள் ஆகும். அங்கே இன்று நடப்பதன் பலன் இங்கே பேரப்பிள்ளைகள் காலத்தில் தெரியும், அப்போது திருத்த முடியாது.

சூட்டைத் தணிப்பது பெரிய நாடுகள் கையில் இருக்கிறது. கிரிலைப் பிடிப்பதை மட்டுமாவது நிறுத்தி நிதானிக்கலாம். மீன்பண்ணைத் தீவனத்துக்கும் மாத்திரை எண்ணெய்க்குமாக அதை அள்ளும் கப்பல்களுக்கு, தென்மேற்கு அத்திலாந்திக்கில் ஆண்டுக்கு 6 இலட்சத்து 20 ஆயிரம் தொன் என்று வரம்பு இருக்கிறது. 2025 ஓகஸ்டில் முதன்முறையாக அந்த வரம்பு எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்னே மீன்பிடி மூடப்பட்டது. இந்த வரம்புகளைத் தீர்மானிக்கும் சர்வதேச ஆணைக்குழு ஆண்டுதோறும் ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவின் ஹோபாட் நகரில் கூடுகிறது. இந்தியா அதில் உறுப்புநாடு. இலங்கை இல்லை.