கண்ணாடித் தோட்டத்துக்கு எந்தப் பல்லி?

"தாத்தா, இதுக்குள்ளே ஒரு பல்லி விடலாமா?"

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி சென்ற ஆண்டு மார்ச் மாதம் இப்படிக் கேட்டபோது, சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்தான் முதலில் வந்தது: "விளக்கமாறை எடுத்துண்டு விரட்டற ஜந்துவைக் காசு குடுத்து வாங்கறதா?"

பல்லி நமக்குப் புதிதல்ல. அது சொல்லும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்ப்போம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுவோம். ஆனால் பல்லியை வளர்ப்பது என்பது நம் பெரியவர்களின் காதில் விழாத சேதி. இன்றோ தில்லி, மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணியும் பாசியும் வளர்த்து, அதில் 'கெக்கோ' என்னும் பல்லி வகைகளை விட ஆசைப்படுகிறார்கள். இந்தச் செடிப் பெட்டிக்கு 'டெர்ரேரியம்' என்று பெயர். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழலாம். நான் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அழகு கடைசியில்தான்

பெரும்பாலோர் படத்தைப் பார்த்துப் பல்லியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதற்கு ஏற்றபடி பெட்டியையும் அறையையும் மாற்றப் பார்க்கிறார்கள். இது தலைகீழ்ப் பாடம். பல்லிக்கு நம்மைப் போல உடற்சூடு நிலையாக இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் சூடுதான் அதன் உடலின் சூடு. காட்டில் வெயில் அதிகமானால் மரப்பொந்துக்கோ பாறை இடுக்குக்கோ போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே போகும்? எனவே முதலில் பார்க்க வேண்டியது நம் அறையின் வெப்பம், இரண்டாவது, செடிகளுக்கு வேண்டிய ஈரம், மூன்றாவதுதான் பல்லி. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

சிறுத்தைப் பல்லி

புதிதாக வளர்ப்பவர்களுக்கு முதலில் சிபாரிசு செய்யப்படுவது 'லெபர்ட் கெக்கோ'. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள், சாதுவானது. பெரும்பாலான கெக்கோ வகைகளுக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. ஆனால் இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட கல்நிலத்தில் வாழும் பிராணி. விரலில் ஒட்டும் தகடுகள் இல்லாததால் கண்ணாடியில் ஏறாது, தரையில்தான் நடமாட்டம். பெரணியும் பாசியும் நிறைந்த ஈரப் பெட்டியில் விட்டால் தோலிலும் மூச்சுக்குழலிலும் நோய் வரும். கற்றாழை இனச் செடிகளும் கல்லும் மணலும் கலந்த மண்ணும் வைத்து, ஈரமான ஒளிவிடம் ஒன்றை மட்டும் கொடுத்த வறண்ட தோட்டம்தான் இதற்குப் பொருந்தும். வீட்டில் இருப்பது பச்சைப்பசேலென்ற ஈரத் தோட்டம் என்றால் இது அதற்குரிய பல்லி அல்ல.

கொண்டைப் பல்லி

செடிப் பெட்டிக்கு மிகவும் ஏற்றது என்று சொல்லப்படுவது 'கிரெஸ்டட் கெக்கோ'. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் பிரெஞ்சு ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியாத் தீவுகள் இதன் தாயகம். 1866-இல் விஞ்ஞானிகள் இதை விவரித்து எழுதினார்கள். பிறகு நெடுங்காலம் கண்ணில் படாததால் அழிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். 1994-இல் மறுபடியும் அகப்பட்டது. இன்று உலகெங்கும் வளர்க்கப்படுபவை வளர்ப்பிடங்களிலேயே பெருகியவை.

கண்ணுக்கு மேலே இமைமயிர் போன்ற முட்கள், ஒட்டும் விரல்கள், இரவில் கிளைக்குக் கிளை தாவும் சுறுசுறுப்பு. பழக்கூழும் சிறு பூச்சிகளும் உணவு. வால் ஒருமுறை விழுந்தால் மறுபடி முளைக்காது. நன்றாக வைத்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். வளர்ந்த ஒன்றுக்குக் குறைந்தது 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள பெட்டி வேண்டும். மரத்தில் வாழ்வதால் உயரம் முக்கியம்.

எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. இதற்கு உகந்த வெப்பம் 22 முதல் 26 டிகிரி. 28-ஐத் தாண்டினால் வாடத் தொடங்கும்; 30-க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நமது தலைநகரில் மே மாதம் வெளியே 45 டிகிரியைத் தொடுகிறது. கூலர் காற்றில் ஈரத்தைச் சேர்க்குமே தவிர, அறையை 26 டிகிரிக்குக் கொண்டுவரும் என்று நம்ப முடியாது. அப்படியானால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவும் பகலும் ஏ.சி. ஓட வேண்டும்.

என் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்தது இது. பையனின் ஆசைக்காகக் கொண்டைப் பல்லி வாங்கினார்கள். ஜூன் மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, தினமும் தண்ணீர் தெளித்து உணவு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் தவறாமல் செய்தார்கள். ஆனால் ஆளில்லாத வீட்டில் ஏ.சி. ஓட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் திரும்பியபோது செடிகள் செழிப்பாக இருந்தன. பல்லி செத்துக் கிடந்தது. பட்டினி காரணமல்ல, தாகம் காரணமல்ல, சூடு ஒன்றுதான். அந்தப் பையன் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் நண்பர்.

வேறு இரண்டு வகைகள்

மடகாஸ்கர் தீவின் 'டே கெக்கோ' பகலில் உலாவும். பச்சை உடலில் சிவப்புப் புள்ளிகள். பார்க்கப் பரவசமாக இருக்கும். கொண்டைப் பல்லியைவிடச் சூட்டைத் தாங்கும். ஆனால் கையில் பிடித்தால் தோல் உரிந்துவிடும்; புற ஊதா விளக்கு கட்டாயம்; எனவே கண்ணால் பார்த்து மகிழ மட்டுமே.

'மோர்னிங் கெக்கோ' ஒன்பது, பத்து செ.மீ. நீளமே உள்ள சிறிய இனம். அந்தமான் நிகோபார் உட்பட வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் இருக்கிறது. ஏறத்தாழ எல்லாமே பெண்கள்! ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஓரளவு சூட்டையும் தாங்கும். ஒன்று வாங்கினால் விரைவில் பத்தாகும். தப்பி வெளியே போனால் அங்கும் பெருகும். முட்டைகளை அகற்றும் பொறுப்பும், இடுக்கில்லாமல் மூடும் பெட்டியும் உள்ளவர்களுக்கே இது ஏற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'சைட்டிஸ்' என்னும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர், 2024-இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தின் மூலம் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன டே கெக்கோ இந்தப் பட்டியலில் உள்ளது. பட்டியல்கள் அவ்வப்போது மாறுவதால், எந்த வகையானாலும் வாங்கும் முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. சிறுத்தைப் பல்லி நம் நாட்டிலும் வாழும் இனம் என்பதால் அதற்கு இது இன்னும் அவசியம். ரசீதும் பிறப்பிட விவரமும் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

நம் காட்டுப் பல்லிகளின் மீது ஆசையே வேண்டாம். வடகிழக்கு மாநிலங்களின் 'டோக்கே' பல்லி, மருந்தாகும் என்ற பொய்யை நம்பிக் கடத்தப்படுகிறது. 2019-இல் அதையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஒரு குன்றை மட்டும் வீடாகக் கொண்ட சிறு பல்லி இனங்கள் பல உண்டு. அங்கிருந்து நாலைப் பிடித்தாலும் அந்த இனத்துக்கு நஷ்டமே.

வாங்குமுன் ஒரு மாதச் சோதனை

பல்லி இல்லாமலே தோட்டத்தை முதலில் போடுங்கள். அடியில் நீர் வடியச் சிறு கூழாங்கல், அதன்மேல் வலை, அதன்மேல் தென்னை நார்த்தூள் கலந்த மண், காய்ந்த இலைகள். கழிவைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்க 'ஸ்பிரிங்டெயில்' என்னும் நுண்ணிய பூச்சிகளை விடலாம். செடிகளில் பூச்சிமருந்து பட்டிருக்கக் கூடாது. பெட்டியை ஜன்னல் வெயிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். அரை மணியில் அடுப்பாகிவிடும்.

பிறகு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவியைப் பெட்டிக்குள் வைத்து, காலை, பிற்பகல், இரவு என்று நோட்டில் குறியுங்கள். இந்தச் சோதனையைக் கோடையில் செய்ய வேண்டும். பிப்ரவரியில் செய்தால் எல்லாப் பல்லிக்கும் நம் வீடு சொர்க்கமாகத்தான் தெரியும். தில்லிவாசிகள் ஜனவரி இரவுகளையும் மறக்கக் கூடாது. மின்சாரம் போனால் என்ன செய்வது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வையுங்கள்.

உணவில் சுண்ணாம்புச் சத்துத் தூள் சேர்க்காவிட்டால் எலும்பு வளைந்துவிடும். பெட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாவிட்டால் சால்மொனெல்லா கிருமியால் நமக்கு வயிற்றுக் கோளாறு வரலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை.

எங்கள் வீட்டு முடிவு

என் பேத்தி மே மாதம் முழுவதும் குறித்தாள். ஏ.சி. ஓடாத பிற்பகல்களில் எங்கள் பெட்டி 34, 35 டிகிரி காட்டியது. ஒருநாள் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை, 37. மாதக் கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். "கொண்டைப் பல்லி நம்மாத்துல இருக்க முடியாது, தாத்தா. செத்துப் போயிடும்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். நோட்டு சொன்னதை ஏற்றுக்கொண்டாள்.

பெட்டியில் இப்போது பெரணி மட்டும் இருக்கிறது. அவளுடைய நோட்டின் பின்பக்கங்களில் வேறொரு கணக்கு ஆரம்பமாகியிருக்கிறது: பால்கனி விளக்கடியில் தினமும் மாலை வரும் வீட்டுப் பல்லி எத்தனை கொசுவைப் பிடித்தது என்று. விளக்கமாறு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பாட்டிக்கு உத்தரவு.

உங்கள் வீட்டு அறை ஆண்டு முழுவதும் 26 டிகிரிக்குள் இருக்குமானால் கொண்டைப் பல்லியைத் தாராளமாகப் பரிசீலியுங்கள். இல்லையேல் நோட்டு காட்டும் எண்ணுக்கு ஏற்ற வகையைத் தேடுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால், செடி மட்டும் உள்ள பெட்டியும் ஒரு நல்ல தோட்டம்தான்.