சுளுக்கு என்றால் என்ன?

கபடி ஆடும்போது கால் மடங்கி விழுந்துவிடுகிறீர்கள். எழுந்து நின்றால் கணுக்காலில் 'சுரீர்' என்று வலி. அரை மணி நேரத்தில் வெளிப்பக்கக் கணு புசுபுசுவென்று வீங்குகிறது. பாட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லே, சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்" என்கிறார்.

மறுநாள் காலையில் உங்கள் தம்பி கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்து வருகிறான். அவனுக்கும் பாட்டி சொல்லும் பெயர் அதேதான். சுளுக்கு!

இரண்டும் ஒரே கோளாறா? இல்லை. பிறகு ஏன் ஒரே பெயர்? முதலில் சொல்லைப் பார்ப்போம்.

பிடிக்காததைக் கண்டால் முகம் சுளிக்கிறோம் அல்லவா? அப்போது முகம் கோணுகிறது. சுளி, சுளுக்கு என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கோணல் இருக்கிறது. தமிழில் 'உளுக்கு' என்ற வடிவமும் உண்டு. மலையாளத்தில் இன்றும் உளுக்கு என்றே சொல்கிறார்கள், கன்னடத்தில் உளுகு. சொல்லின் முதலில் வரும் சகரம் மறைந்துபோவது தமிழில் புதிதல்ல. சிறகு, இறகு; சிப்பி, இப்பி; சமணர், அமணர். சுளுக்கும் உளுக்கும் அப்படிப்பட்ட இரட்டையர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேறு மொழிகளிலும் இதே கதைதான். பிரெஞ்சு மொழியில் சுளுக்குக்கு 'ஆன்டோர்ஸ்' என்று பெயர். முறுக்குதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கர்களின் சொல்லும் 'திருப்புதல்' என்ற வினையிலிருந்து பிறந்ததே. எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்ததற்குப் பெயர் வைத்தார்கள். மூட்டு முறுக்கிக்கொண்டது தெரிந்தது. உள்ளே என்ன அறுந்தது என்பது தெரியவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஆட்டுக்கால் எலும்பைக் கடித்தவர்கள், எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் வெள்ளை நாரைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில மருத்துவத்தில் அதற்கு லிகமென்ட் என்று பெயர். நாம் மூட்டு நார் என்போம். அது கயிறுபோல உறுதியானது, ஆனால் ரப்பர்போல நீளாது. பாதம் உட்பக்கம் மடங்கி, உடலின் எடை முழுவதும் அதன்மேல் விழும்போது, கணுக்காலின் வெளிப்பக்க நார் அளவுக்கு மீறி இழுபடுகிறது. சில இழைகள் மட்டும் கிழியலாம், பாதி கிழியலாம், முழுவதுமே அறுந்துபோகலாம். கூடவே நுண்ணிய இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. வீக்கமும், ஓரிரு நாளில் தோன்றும் நீல நிறமும் அதனால்தான்.

தம்பியின் கழுத்தில் பெரும்பாலும் எதுவும் கிழியவில்லை. கோணலாகப் படுத்ததில் ஒரு தசை இறுகிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான். இதற்கு இதமான ஒத்தடமும் மென்மையாக நீவிவிடுவதும் சுகம் தரும். சுளுக்கு எடுப்பவர்களுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைப்பது இப்படிப்பட்ட கழுத்துகளால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் கிழிந்த நாரை நீவினால்? கிழிசலை மேலும் இழுப்பதாகிவிடும். 'நரம்பு புரண்டுவிட்டது, இழுத்துச் சரிசெய்ய வேண்டும்' என்பார்கள். சுளுக்கில் எதுவும் புரளவில்லை, திரும்ப இடத்தில் வைப்பதற்கும் எதுவுமில்லை. எலும்பே மூட்டிலிருந்து நழுவிவிடுவது வேறு. அதைப் 'பிசகு' என்பது பொருத்தமான சொல். கணக்குப் பிசகுவது போல எலும்பு தன் இடத்திலிருந்து பிசகுகிறது. அதை மருத்துவர்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு செய்தி, குறிப்பாக உங்கள் வயதினருக்கு. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெரும்பாலும் இது மூட்டு நாரைவிட வலுக் குறைந்தது. ஆகவே பெரியவர்களுக்கு நார் கிழியும் அதே விபத்தில், உங்களுக்கு இந்தத் தட்டு முறியலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம்தான்! முறிந்த தட்டைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு வளைந்தோ குட்டையாகவோ வளரக்கூடும். பள்ளி நாளில் நான் கையை ஊன்றி விழுந்தபோது மூன்று நாள் சுளுக்கு எடுத்தார்கள். நாலாம் நாள்தான் மணிக்கட்டு எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது.

அப்படியானால் எப்படி அறிவது? 1992இல் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் கணுக்காலுக்கு ஓர் எளிய சோதனை முறையை வெளியிட்டார்கள். அடிபட்டவரால் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? நொண்டி நடந்தாலும் சரி. கணு எலும்பின் நுனியையோ பின் ஓரத்தையோ விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? நடக்க முடியவில்லை, அல்லது எலும்பிலேயே வலி என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பின்னாளில் இது சிறுவர்களிடமும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

அதுவரை காலுக்கு ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால்மணி நேரம் வைத்தால் வலி அடங்கும். மீள்துணியால் அளவாகக் கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். முறிவு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பாட்டி வைத்த பெயர் சரிதான். எண்ணெய்க் கிண்ணம் மட்டும் சில நாள் காத்திருக்கட்டும்.