பெயரில்லா இரு நாயகர்கள்

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே ஒரு சிறு பள்ளிக்கூடம். மாணவர்கள் அழகிய அட்டைகளை வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்து மகிழ்ந்துகொண்டிருந்தனர். புதிதாய் வந்த சிறுமி ஒருத்தி, ஒரு சிறுவன் நீட்டிய அட்டையை மட்டும் ஒரே பார்வையில் மறுத்துவிட்டாள். அவன் கறுப்பினச் சிறுவன். தான் பிறரினின்றும் வேறாக எண்ணப்படுகிறான் என்பதை அன்றே அவன் அறிந்தான்.

அச்சிறுவனே பிற்காலத்திற் பேரறிஞராய் விளங்கிய டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் (1868–1963). 1903இல் வெளியான தமது நூலில் இந்நிகழ்ச்சியைக் கூறி, தம் மக்களின் மனநிலைக்கு 'இரட்டை உணர்வு' என்று பெயரிட்டார். தன்னைத் தன் கண்ணாற் காணாது, தன்னை இகழ்வோரின் கண்ணாற் கண்டு அளந்துகொள்ளும் நிலை அது.

இந்நிலையை உயிரோவியமாக்கிய நாவல்கள் இரண்டினை நாம் இங்கு நோக்குவோம். இரண்டிலும் கதையைக் கூறும் நாயகனுக்குப் பெயரே இல்லை.

முதலாவது, ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன் 1912இல் தம் பெயரை மறைத்து வெளியிட்ட நாவல். அதன் நாயகன் வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவன், தோற்றத்தில் வெள்ளையன். தன் மக்களின் பாடல்களைக்கொண்டு உயர்ந்த இசை படைக்க விழைகிறான். ஆனால் தென் மாநிலத்தில் ஒரு கறுப்பினத்தவன் கும்பலால் உயிருடன் எரிக்கப்படுவதைக் கண்டபின் அவன் உள்ளம் ஒடிகிறது. நியூயோர்க் சென்று வெள்ளையனாகவே வாழ்கிறான். செல்வம், மனைவி, மக்கள் யாவும் வாய்க்கின்றன. எனினும், பழுப்பேறிய இசைத் தாள்களைப் பார்க்கும்போது, தான் விற்றது எது என்பது அவனுக்கு விளங்குகிறது.

இரண்டாவது, றால்ப் எலிசன் 1952இல் வெளியிட்ட 'கட்புலனாகா மனிதன்'. தெற்கிலிருந்து நியூயோர்க் வந்த அதன் நாயகன், உணவுச்சாலையில் தன் ஊர் உணவைக் காட்டியபோது அவமானமெனக் கருதி மறுக்கிறான். பின்னொரு நாள், ஹார்லெம் தெருவிலே சுட்ட வற்றாளங்கிழங்கு வாங்கி, யாவரும் காண உண்கிறான். இதற்காகவா இத்தனை நாள் நாணினோம் என்ற எண்ணம் எழ, விடுதலை பெற்றவனாகிறான். ஆயினும் எலிசன் அம்மகிழ்ச்சியோடு கதையை முடித்தாரல்லர். அடுத்து வாங்கிய கிழங்கு பனியிற் கெட்டுக் கசக்கிறது. ஊர் நினைவு ஒன்றே ஒருவனுக்குப் போதிய அடையாளமாகாது என்பதையே அக்கசப்பு உணர்த்துகிறது என்று நாம் கொள்ளலாம்.

பின்னர் ஓர் இயக்கத்தினர் அவனுக்குப் புதிய பெயரொன்றைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கின்றனர். அதனையும் அவன் ஏற்கிறான். முடிவில், இருண்ட நிலவறையில் விழுந்தவன், வெளிச்சத்திற்காகத் தன் பையிலுள்ள தாள்களை ஒவ்வொன்றாய் எரிக்கிறான். பள்ளிச் சான்றிதழும் எரிகிறது. முன்பு தன்னை அச்சுறுத்தி வந்த பெயரிலாக் கடிதமும், பெயர் எழுதிய அத்துண்டும் ஒரே கையெழுத்து என்பதை அத்தீயின் ஒளியிலே காண்கிறான்.

ஜோன்சனின் நாயகன் தன் தாள்களைப் பெட்டியிற் பூட்டி ஏங்கினான். எலிசனின் நாயகன் பிறர் தந்த தாள்களை எரித்து ஒளி பெற்றான். பிறர் நமக்கு இடும் பெயரை ஏற்குமுன், அதனை எழுதிய கை யாருடையது என்று நோக்குதல் வேண்டும். இந்நாவல்களைக் கற்கும் மாணவர் மனங்கொள்ளத்தக்கது இதுவன்றோ?