கணைக்கால் எலும்பு முறிந்தால்

மலேசியாவில் பட்டர்வொர்த்தையும் சுங்கைப் பட்டாணியையும் இணைக்கும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை கெப்பாலா பத்தாஸ் வழியாகச் செல்கிறது. இத்தகைய சாலைகளில் மோட்டார் சைக்கிளோடு விழுவோரின் தலைக்குத் தலைக்கவசம் உண்டு. காலுக்கு எதுவும் இல்லாததால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்கால் எலும்பு எளிதில் அடிபடுகிறது.

இவ்வெலும்பின் உட்பக்கத்தில் தசை மூடாமல் தோல் மட்டுமே போர்த்தியிருப்பதால், முறிந்த முனை தோலைக் கிழித்து வெளிவந்துவிடுகிறது. இதுவே திறந்த முறிவு எனப்படும். இங்கு முறிவைவிடக் கிருமித்தொற்றே பெரிய எதிரி. 1976-இல் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் மருத்துவர்கள் வெளியிட்ட வகைப்பாட்டில், ஒரு செண்டிமீட்டருக்குக் குறைந்த தூய புண் முதல் வகையில் அடங்கும். ஆனால் வயலோரச் சேறு புகுந்த புண்ணை, வாய் எவ்வளவு சிறிதாயினும், எளிதாகக் கருதலாகாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை இயன்ற விரைவில் ஏற்றி, அறுவை அரங்கில் உப்புநீரால் புண்ணைக் கழுவி, உயிரற்ற தசையை வெட்டியெடுத்த பின்னரே எலும்பை நிலைநிறுத்துவர். மச்சைக் குழிக்குள் உலோகத் தண்டைச் செலுத்தும் முறையை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மானியரான குன்ட்ஷர் வளர்த்தார். புண் மோசமாக இருப்பின், எலும்பில் திருகிய ஊசிகளைக் காலுக்கு வெளியே ஒரு சட்டத்தில் பிணைத்து வைப்பதும் உண்டு.

தோல் கிழியாத முறிவு பாதுகாப்பானது என்று எண்ணிவிட இயலாது. கணைக்கால் தசைகள் விரிந்துகொடுக்காத உறைகளாலான நான்கு அறைகளுக்குள் அடங்கியிருப்பதால், உள்ளே இரத்தம் கசிந்து வீக்கம் ஏறும்போது அழுத்தம் மிகுந்து, நுண்குழாய்களில் இரத்தவோட்டம் நின்றுவிடுகிறது. மருத்துவமனை மாவுக்கட்டாயினும், உடலை உருவிவிடும் மலாய் ஊருட் வைத்தியர் சுற்றிய துணிக்கட்டாயினும், வீக்கம் ஏறும் முதல் நாளில் இறுகக் கட்டுவது இந்த அழுத்தத்தை மேலும் கூட்டும். எலும்பை நேராக்கும் திறமை எவரிடம் இருந்தாலும் இத்தவறு மன்னிக்கத்தக்கதன்று. மருந்துக்கும் அடங்காத வலியும், கால்விரலைப் பிறர் மெல்ல நீட்டும்போது அது பன்மடங்காவதுமே அழுத்தம் மிகுவதன் முதல் அறிகுறிகள். பாதத்தின் மேல் நாடி துடிப்பது ஆறுதல் தராது; தசை மடியும்போதும் அது துடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

கட்டை அடிவரை அவிழ்த்தும் வலி தணியாவிடில், சில மணி நேரத்துக்குள் நான்கு அறைகளின் உறைகளையும் நீளவாக்கில் கீறித் திறக்க வேண்டும்; அக்கீறல்களை உடனே தைக்காமல், வீக்கம் வடிந்த சில நாட்களுக்குப் பின்னரே தைத்தோ, தொடைத்தோலை ஒட்டியோ மூடுவர்.